பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! எட்டுக்கால் பூச்சி கடித்தால்...

"டாக்டர், ராத்திரி எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சு போல. காலையிலே எழுந்து பார்த்தா இப்படி வீங்கி இருக்கு!"

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், மேடவாக்கம் பக்கத்து கிளினிக்குகளில் மழைக்காலம் வந்தால் கேட்கிற வசனம் இது. "பூச்சியை நீங்க பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "இல்லை டாக்டர்... ஆனா பாத்ரூம் சுவத்துல பெரிசா ஒண்ணு இருக்கு. அதுவாத்தான் இருக்கும்!" என்று பதில் வரும்.

சாட்சி இல்லை, தடயம் இல்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் ரெடி! தவறான ஆள் மீது பழி போட்டுவிட்டு நாம் சும்மா இருக்கும்போது, உண்மையான ஆசாமி உடம்புக்குள் வேலையை ஆரம்பித்துவிடலாம். சில நேரம் அது உயிருக்கே உலை வைக்கும். அதனால் சிலந்தியைப் பற்றியும், அதன் பெயரில் தப்பித்துக்கொள்ளும் மற்ற ஆசாமிகளைப் பற்றியும் தெரிந்துகொள்வோம்.

எல்லா சிலந்திக்கும் விஷம் உண்டா?

உண்டு! உலகத்தில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட சிலந்தி வகைகளின் எண்ணிக்கை 2022-லேயே 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு சில குடும்பங்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விஷச் சுரப்பி இருக்கிறது. பயந்துவிடாதீர்கள். அந்த விஷம் ஈ, கொசு, கரப்பான் பூச்சிகளை மடக்குவதற்காக ஏற்பட்டது. நம்மை உத்தேசித்து அல்ல. பெரும்பாலான சிலந்திகளின் பல் நம் தோலைத் துளைக்கும் அளவுக்கு நீளமும் இல்லை, பலமும் இல்லை. துளைத்தாலும் உள்ளே போகிற விஷத்தின் அளவு மிகக் குறைவு.

இன்னொரு விஷயம். சிலந்தி கொசு மாதிரி நம் ரத்தத்தைத் தேடி வருவதில்லை. நம்மைக் கடித்து அதற்கு ஒரு லாபமும் கிடையாது. செருப்புக்குள், மடித்து வைத்த துணிக்குள், விறகுக் கட்டில் அது இருப்பது தெரியாமல் நாம் நசுக்கும்போதுதான் தற்காப்புக்காகக் கடிக்கிறது.

நம் வீட்டு வாடகைக்காரர்கள்

பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கொண்டு, லைட் போட்டதும் சரக்கென்று ஓடுமே, அது வலை பின்னாத வேட்டைச் சிலந்தி. பெண் சிலந்தி வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டைப் பை. கரப்பான் பூச்சி இதற்கு விருந்துச் சாப்பாடு. கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும். கொஞ்ச நேரம் வலி, கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்.

மூலையில் மெல்லிய நீளக் கால்களோடு தொங்கிக்கொண்டு ஒட்டடையை உண்டாக்குகிறவர் இன்னொருவர். கடியால் நமக்கு ஆபத்து இல்லாதவர். ஜன்னல் ஓரத்தில் குட்டிக் குட்டியாகத் தாவி, தலையைத் திருப்பி நம்மையே உற்றுப் பார்ப்பது குதிக்கும் சிலந்தி. கொசுவையும் ஈயையும் பிடித்துத் தின்கிற, சம்பளம் வாங்காத வேலையாள்!

நிஜமாகவே ஆபத்தான சிலந்திகள்

முதலாவது, 'கருப்பு விதவை' குடும்பம். பெண் சிலந்தியின் உடம்பு பளபளவென்று உருண்டையாக, பெரும்பாலும் சிவப்பு அடையாளத்தோடு இருக்கும். இதன் விஷம் நரம்பு முனைகளைத் தாறுமாறாகத் தூண்டிவிடுகிறது. கடித்த இடத்தில் ஆரம்பிக்கிற வலி மெல்ல மெல்லப் பரவும். தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வயிறு பலகை மாதிரி விறைக்கும். வியர்த்துக் கொட்டும், ரத்த அழுத்தம் ஏறும். இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவாகி இருக்கின்றன. ஆனால் கடிபடுவது அபூர்வம், சிகிச்சை கிடைத்தால் உயிரிழப்பு அதைவிட அபூர்வம்.

இரண்டாவது, பழுப்பு நிறத்தில் ஒதுங்கியே வாழும் 'லாக்ஸோசெலஸ்' வகை. இதன் விஷத்திலுள்ள ஒரு நொதி தோலின் திசுக்களைச் சாகடிக்கும். கடித்த இடம் சில நாட்களில் கறுத்துப் புண்ணாகலாம். அபூர்வமாக ரத்த அணுக்களும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இந்த வகையில் ஒரு சிலந்தி இந்தியாவிலும் இருக்கிறது.

மூன்றாவது, உடம்பெல்லாம் ரோமத்தோடு மரப்பொந்துகளில் வாழும் 'புலிச் சிலந்தி' என்கிற டரான்டுலா வகை. இது இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுகிற கூட்டம். 2004-ல் ராமேஸ்வரத்தில் கண்டெடுக்கப்பட்டு விவரிக்கப்பட்ட ஒரு வகைக்கு, அங்கிருக்கும் அனுமன் கோயிலின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! இவை கடித்தால் கடுமையான வலியும், நாட்கணக்கில் விட்டு விட்டு வருகிற தசைப்பிடிப்பும் இருக்கும். ஆனால் நம் வீட்டு பீரோவுக்குப் பின்னால் குடியிருக்கிற ஜாதி இல்லை இது. 2019 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. மனிதனால் அதற்குத்தான் அதிக ஆபத்து!

பிள்ளைகள் சிட்னியில் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இருக்கும் புனல்வலைச் சிலந்தி நிஜமாகவே கொல்லக்கூடியது. ஆனால் 1981-ல் மாற்று மருந்து வந்த பிறகு அதன் கடியால் இறந்தவர் இல்லை. நம் ஊரில் அந்தச் சிலந்தியும் இல்லை, சிலந்திக்கடிக்கான மாற்று மருந்தும் விற்பனையில் இல்லை. பாம்புக்கடி ஊசி சிலந்திக்கடிக்கு வேலை செய்யாது. வலி, தசைப்பிடிப்பு, ரத்த அழுத்தம் என்று தொந்தரவுக்குத் தகுந்த சிகிச்சைதான் தருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

2,055 சிலந்திகளோடு ஒரு குடும்பம்!

அமெரிக்காவில் கன்ஸாஸ் மாநிலத்தில் ஒரு வீடு. 2001-ல் அங்கே ஆறே மாதத்தில் 2,055 பழுப்புச் சிலந்திகளைப் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். மேலே சொன்னேனே, திசுவைச் சாகடிக்கும் வகை, அதேதான். அந்த வீட்டில் நான்கு பேர் வருஷக்கணக்காகக் குடியிருந்தார்கள். எத்தனை பேரைக் கடித்தது தெரியுமா? ஒருவரைக்கூட இல்லை!

ஆஸ்திரேலியாவில் இன்னொரு ஆராய்ச்சி, 2002-ல் வெளியானது. கடித்த சிலந்தியைக் கையோடு கொண்டு வந்து, நிபுணர்கள் அடையாளம் கண்ட 750 கேஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 750-ல் ஒன்றுகூட அழுகிய புண்ணாக மாறவில்லை. பெரும்பாலானவை வலியும் சிவப்புமாக வந்து தானே சரியாகிவிட்டன.

நம் நாட்டில் 2012-ல் அஸ்ஸாமின் சதியா பகுதியில் சிலந்திகள் கூட்டமாகப் படையெடுத்ததாகவும், கடிபட்டு இரண்டு பேர் இறந்ததாகவும் நாடே பரபரத்தது. பிறகு தெரிந்த விஷயம் வேறு. கடிபட்டவர்கள் முதலில் போனது மந்திரவாதியிடம். அவர் 'விஷத்தை எடுக்கிறேன்' என்று பிளேடால் கீறியிருக்கிறார். பிரேதப் பரிசோதனைக்கு முன்பே உடல்கள் எரிக்கப்பட்டுவிட்டன. சிலந்தி விஷமா, கீறலால் வந்த தொற்றா என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை.

அப்படியானால் கடித்தது யார்?

இதுதான் முக்கியமான பாடம். 'எட்டுக்கால் பூச்சி' என்று நாம் சொல்கிற சமாசாரங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் இவர்கள்தான்.

1. விளக்குப் பூச்சி: மழைக்காலத்தில் டியூப் லைட்டைத் தேடி வரும், எறும்பு மாதிரி ஒல்லியான ஒரு வண்டு. ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். இது கடிப்பதே இல்லை. கழுத்தில் ஊர்கிறதே என்று நாம் நசுக்கினால், அதன் உடம்பிலுள்ள ரசாயனம் தோலைச் சுட்டுவிடும். மறுநாள் கோடு இழுத்த மாதிரி சிவந்து, எரிந்து, கொப்புளம் கட்டும். 'சிலந்தி மூத்திரம் பேஞ்சிடுச்சு' என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

2. அக்கி: உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, எரிச்சலோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளம். இது எந்தப் பூச்சியும் கடித்ததல்ல. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருந்து மறுபடி விழிக்கிறது. காவிக்கல் குழைத்து அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம். எழுதிக்கொள்வதால் டாக்டரிடம் போவது தள்ளிப்போனால்தான் நஷ்டம். வைரஸுக்கான மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். கண் பக்கமோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

3. சீழ்க்கட்டி: சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் பெரிதாகிச் சீழ் வைக்கிறதா? அது கிருமித் தொற்று. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். காலில் வந்த கறுப்புப் புண்ணை 'ஏதோ பூச்சி' என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டால், விரலையோ காலையோ இழக்க நேரலாம்.

4. மூட்டைப்பூச்சி: வரிசையாக நாலைந்து தடிப்பு, வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு என்றால் சிலந்தியைத் தேடாதீர்கள். மெத்தையின் தையலைப் பிரித்துப் பாருங்கள்!

அடுத்த இரண்டு பேரும் உயிரோடு விளையாடுகிறவர்கள். அவர்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வலிக்காத கறுப்புப் பொருக்கு, விடாத காய்ச்சல்

ஸ்க்ரப் டைஃபஸ், நம் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிற நோய். 'ஸ்க்ரப்' என்றால் புதர். புதரிலும் புல்லிலும் இருக்கும், மணல் துகளைவிடச் சிறிய ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் இந்தப் பூச்சி சிலந்திக்கு தூரத்து உறவு. எலிகளின் மேல் வளர்கிறது. நாய் உண்ணி வேறு, இது வேறு.

கடிக்கும்போது தெரியாது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி ஆரம்பிக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம் இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. இருப்பதும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடி, காதுக்குப் பின்புறம் என்று மறைவான இடங்களில். கூச்சத்தினால் சிலர் டாக்டரிடம் காட்டுவதில்லை. காட்டினாலும் 'எட்டுக்கால் பூச்சி கடிச்சது' என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறார்கள். சிலருக்குப் பொருக்கு இல்லாமலும் காய்ச்சல் வரலாம்.

தாம்பரம் சுற்றுப்புறத்தில் வீடுகளுக்கு நடுவே புதர் மண்டிய காலி மனைகள் நிறைய. வேளச்சேரி - தாம்பரம் சாலையை ஒட்டி நன்மங்கலம் காப்புக்காடு, அந்தப் பக்கம் வண்டலூர்க் காடு. புதரும் எலியும் இருக்கும் இடத்தில் இந்த நோய்க்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் மழை தொடங்கிக் குளிர் முடியும்வரை இது அதிகம். டெங்கு சீஸனும் ஏறக்குறைய அதேதான். டெங்கு டெஸ்டில் 'இல்லை' என்று வந்து, காய்ச்சல் மட்டும் ஐந்து நாளுக்கு மேல் விடாமல் அடித்தால், "ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

காரணம் இருக்கிறது. வழக்கமாகத் தருகிற அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கிருமி மசியாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைஸின் கொடுத்தால், ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விலை குறைந்த மருந்து! விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். முற்றிய நோயாளிகளுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023-ல் நிரூபித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. மருந்தையும் அளவையும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

தூக்கத்தில் கடிக்கும் கட்டுவிரியன்

இன்னும் அவசரமானவர் இவர். கட்டுவிரியன் ராத்திரியில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். அநேகமாக வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல் குறிகூட கொசுக்கடி மாதிரிதான் இருக்கும். 'ஏதோ சுருக்குனு இருந்துச்சு, எட்டுக்கால் பூச்சியா இருக்கும்' என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. பிறகு கண் இமை தானாகத் தொங்கும். ஒன்று இரண்டாகத் தெரியும். எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சு விடும் தசைகளே செயலிழக்கும். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் மாற்று மருந்தும் செயற்கை சுவாசமும் காப்பாற்றும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஒரு மதிப்பீடு. தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 முதல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மாற்று மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு வருவது எங்கிருந்து தெரியுமா? நமக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து!

எனவே, ராத்திரி எதுவோ கடித்து, காலையில் வயிற்று வலியோ இமைத் தொங்கலோ இருந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்று வென்டிலேட்டர் வசதி உள்ள இடத்துக்குப் போவது உத்தமம்.

கடித்துவிட்டதா? செய்ய வேண்டியவை

* கடித்த இடத்தை சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள்.
* ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் ஒற்றடம் கொடுங்கள். நேரடியாக வைக்க வேண்டாம்.
* மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.
* சிவப்பின் விளிம்பைச் சுற்றி பால் பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்று டாக்டருக்கு உடனே தெரியும்.
* பூச்சி கண்ணில் பட்டால் போட்டோ எடுங்கள். செத்திருந்தால், நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். கையால் தொடாதீர்கள்.
* டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

* கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள்.
* சுண்ணாம்பு, ஆசிட், பூண்டுச் சாறு தடவாதீர்கள். அவை தோலைப் புண்ணாக்கி, எது கடி எது சூடு என்று தெரியாமல் செய்துவிடும்.
* 'விஷக்கடிக்கு மந்திரிச்சா சரியாப் போகும்' என்று காத்திருக்காதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரி: மூச்சுத் திணறல், உதடு அல்லது முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தசைப்பிடிப்பு, அதிக வியர்வை, இமைத் தொங்கல், சிறுநீர் சிவப்பாகவோ கறுப்பாகவோ போதல், காய்ச்சல். கடிபட்டது குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் தொந்தரவு கொஞ்சமாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சந்தேகமா? கேளுங்கள்!

சிலந்தி விழுந்த சாப்பாடு விஷமாகிவிடுமா?
ஆகாது. சிலந்தி விஷம் பல் வழியாகத் தோலுக்குள் போனால்தான் வேலை செய்யும். ஆனாலும் சுத்தம் கருதிக் கொட்டிவிடுவது நல்லது.

இரண்டு புள்ளி தெரிந்தால் சிலந்திக் கடிதானே?
அப்படிச் சொல்ல முடியாது. சொறிந்த காயமும் அப்படித் தெரியும், பாம்புக் கடியும் அப்படித் தெரியும். கடித்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே சிலந்தி என்று சொல்லுங்கள்.

மருந்து அடித்து எல்லா சிலந்தியையும் கொன்றுவிடலாமா?
வேண்டாமே! கொசுவும் கரப்பானும்தான் பெருகும். ஒட்டடை அடியுங்கள், போதும். பெரிய சிலந்தியை ஒரு டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடலாம்.

வீட்டில் இதைச் செய்யுங்கள்

வாசலில் கிடக்கும் ஷூவையும் ஹெல்மெட்டையும் உதறிவிட்டுப் போடுங்கள். பரணை ஒழிக்கும்போதும் செங்கல், விறகை நகர்த்தும்போதும் கையுறை அணியுங்கள். துணியைப் புதர் மேலோ புல் மேலோ உலர்த்தாதீர்கள். பக்கத்து காலி மனையில் புதர் மண்டினால், தெருவில் நாலு பேர் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியிலோ உங்கள் ஊராட்சியிலோ புகார் கொடுங்கள். எலியை ஒழியுங்கள். எலி போனால் பாம்பும் போகும், உண்ணிக் காய்ச்சல் பயமும் குறையும். தரையில் படுக்கிறவர்கள் கட்டிலுக்கு மாறுங்கள். கொசுவலையைப் பாயின் அடியிலோ மெத்தையின் அடியிலோ நன்றாகச் செருகிவிடுங்கள். கொசு, பூச்சி, கட்டுவிரியன் மூன்றுக்கும் அந்த ஒரே வலை காவல்.

அடுத்த தடவை உடம்பில் ஒரு தடிப்பைப் பார்த்ததும் டாக்டரிடம் 'எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சு' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். எப்போது ஆரம்பித்தது, எங்கே படுத்திருந்தீர்கள், காய்ச்சல் உண்டா, உடம்பில் வேறு எங்காவது பொருக்கு உண்டா என்று விவரத்தை மட்டும் சொல்லுங்கள். கடித்தது யார் என்று கண்டுபிடிக்கிற வேலையை டாக்டர் பார்த்துக்கொள்வார்.